பல்லக்கா போகாத கச்சேரி

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது வரும். மற்ற எல்லோருக்கும் அவள் பல்லக்கா. பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பதால் வந்த பெயர். முதல் தடவை காதில் விழுபவர்கள் 'பல்லக்கு' என்று நினைத்துக்கொள்வார்கள். "ஏறி உக்காரலாமா?" என்று கேட்ட கிடார்காரன்கூட ஒருவன் இருந்தான். "தூக்க நாலு பேர் வேணும், உன் பேண்டுல மூணு பேருதானே இருக்கீங்க" என்று அவனை அப்போதே உட்கார வைத்தாள்.

லேப் என்றால் ஒரு நீள அறை. ஜன்னலோரம் அவளுடைய மேசை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, காய வைத்து, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நிற்க வைத்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பது அவள் வேலை. பல்லில் வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது என்பாள். மஞ்சளில் பாதி, சாம்பலில் கால், மீதி அவரவர் குடித்த தேநீர். இருபது வருடமாக ஊரார் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தும், யாரைப் பற்றியும் வாய் திறக்காதவள்.

அவளுடைய பைத்தியம் ஒன்றே ஒன்று. ராக் இசை. அதுவும் பேர் வாங்கிய பெரிய பேண்டுகள் இல்லை. நேற்று ஆரம்பித்து இன்று மேடையேறுகிற பேண்டுகள்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையை அவளே சொல்வாள். அவள் அப்பாவுக்கு இரவுக் காவல் வேலை. பகலெல்லாம் தூங்குவார். வீட்டில் பிள்ளைகள் பூனை மாதிரி நடக்க வேண்டும். கரண்டி கீழே விழுந்தால் அம்மா கண்ணாலேயே எரித்துவிடுவாள். சத்தம் என்றால் தப்பு என்று நம்பியே வளர்ந்தாள். கல்யாணம் ஆகி, மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள், ஒரு டாக்டருக்குப் பல் செட் கொடுக்கப் போனவள் வழியில் நின்றுவிட்டாள். பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால், ஒரு கார் ஷெட்டில், நான்கு பையன்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே பாட்டு. ஒரே இடத்தில் டிரம்ஸ்காரன் சறுக்கினான். நிறுத்தினார்கள், திட்டினார்கள், மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி சறுக்கல். அவள் வெயிலில் நின்றபடியே கேட்டாள். பிறகு ஒரு தடவை, யாரும் எதிர்பாராமல், அந்த இடம் வழுக்கிக்கொண்டு போய் அடுத்த வரியில் பொருந்தி உட்கார்ந்தது. நான்கு பேரும் வாசிப்பதை விடாமலே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தது, குனிந்து பார்த்தவளுக்கு ஷட்டருக்குக் கீழே தெரிந்தது.

"யாரோ ஒரு தாத்தாவோட பல்லக் கையில வச்சுக்கிட்டு ரோட்டுல அழுதுட்டேன்" என்பாள். "டாக்டர் போன் மேல போன். தாத்தா வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்காராம்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் பல்லக்கா வீட்டில் இருக்க மாட்டாள். மரச்சாமான் கிடங்குக்குப் பின்னால் ஒரு கூடம் இருந்தது. விற்காத நாற்காலிகள் பிளாஸ்டிக் உறையோடு ஓரமாக அடுக்கியிருக்கும். நடுவில் நான்கு பலகை போட்டால் மேடை. புது பேண்டுகளுக்கு அந்த ஊரில் கதவு திறந்த இடம் அது ஒன்றுதான். இடப்பக்கத் தூணோரம் அவள் நிற்பாள். லேபில் அச்சு எடுக்கும் சிலிக்கான் பசையில் தன் காதுக்குத் தானே செய்துகொண்ட அடைப்பான் காதில் இருக்கும். தலையாட்டுவாள், தட்டுவாள். தாளம் மட்டும் அவளுக்கு வராது. எல்லோரும் தட்டி முடித்த பிறகு அவள் கை தனியாக ஒரு தட்டுத் தட்டும். புது டிரம்ஸ்காரர்களுக்கு சவுண்டு அண்ணன் முதலில் சொல்லும் புத்தி, "தூண் பக்கம் பாக்காத, தாளம் போயிடும்" என்பதுதான். மைக், ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துக்கொள்பவர் என்பதால் அவர் சவுண்டு அண்ணன்.

"பெரிய பேண்டெல்லாம் உங்களுக்குப் பிடிக்காதாக்கா?" என்று யாராவது கேட்டால், "அது வெந்து தட்டுல வந்த சோறு. எனக்கு உலை கொதிக்கறப்பப் பாக்கணும்" என்பாள்.

அவள் கணவருக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. நீச்சல்குளத்தில் காவலர் அவர். உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, யாரும் முழுகிவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சல், விசில், தண்ணீர் தெறிக்கும் சத்தம். "என் காது வீட்டுக்கு வந்துதாம்மா செருப்பக் கழட்டுது" என்பார். மகன் வேலை கிடைத்து வேறு ஊர் போனபின், ஞாயிறு சாயங்காலங்களில் அவர் தனியாகத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, அமைதியில் நனைந்துகொண்டிருப்பார். அவள் ஒரு நாளும் அவரைக் கூப்பிட்டதில்லை. அவரும் ஒரு நாளும் தடுத்ததில்லை. அந்த வீடு அப்படித்தான் ஓடியது.

குறை என்று பார்த்தால், பல்லக்கா உயிரை விட்ட பேண்டுகள் எல்லாம் உயிரை விட்டன.

'கொதிகலன்' என்று ஒரு பேண்ட். நல்ல ஆரவாரம். கிடார்காரனுக்கு வெளிநாட்டில் படிப்பு கிடைத்தது, அதோடு சரி. 'ஒற்றைச் செருப்பு' பேண்டில் பாடகியும் டிரம்ஸ்காரனும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கச்சேரியில் போடாத சண்டையை வீட்டில் போட்டுக் கலைந்தார்கள். 'நாளை விடுமுறை' என்று பேர் வைத்தவர்கள் உண்மையிலேயே நீண்ட விடுமுறையில் போய்விட்டார்கள். ஒவ்வொரு பேண்டின் டி-ஷர்ட்டையும் அவள் முதல் ஆளாக வாங்கி மாட்டியிருந்தாள். ஒரு நாள் கூடத்தில் வயர் சுற்றிக்கொண்டே சவுண்டு அண்ணன் சொன்னார்: "பல்லக்கா டி-ஷர்ட் வாங்கிட்டா அந்த பேண்டுக்கு நாள் எண்ண ஆரம்பிச்சுடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள். ஆனால் சிரிப்புக்கும் கால் உண்டு. அது நடந்து நடந்து, பயிற்சி அறைகளுக்கெல்லாம் போய், எங்கோ ஓரிடத்தில் சிரிப்பாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. அக்காவுக்கு ராசி இல்லை என்று பேச்சானது. பேசியவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாளைக்கு நிலைப்போமா என்று தெரியாத பிள்ளைகள். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் 'ஈரச் சுவர்' வந்தது. பாடுவது ஒரு பெண். பகலில் மருந்துக்கடையில் நிற்பவள். கிடார் வாசிப்பவன் கணக்கு டியூஷன் எடுப்பவன் என்பதால் வாத்தியார். டிரம்ஸுக்கு வாத்தியாரின் தம்பி. பேஸ் கிடாருக்கு சில்லு என்ற இன்னொரு பெண். ஒரு கச்சேரியில் மைக் ஸ்டாண்ட் சாய்ந்து அவள் முன்பல்லில் பாதி சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. அன்றைக்கு விழுந்த பெயர் அது. அந்தப் பல்லுக்குத் தொப்பி செய்தது பல்லக்கா. பக்கத்துப் பல்லோடு நிறம் சேரவில்லை என்று இரண்டு தடவை தானே உடைத்துப் போட்டு, மூன்றாவதாகச் செய்ததைத்தான் டாக்டரிடம் கொடுத்தாள். சில்லு சிரித்தால் எது வைத்த பல் என்று அவள் அம்மாவுக்கே தெரியாது.

ஈரச் சுவர் பாட்டில் பல்லக்காவுக்குப் பிடித்தது ஒரு தயக்கம். பாட்டு உச்சிக்குப் போகும் என்று நினைக்கும் இடத்தில் எல்லாம் நின்றுபோகும். சில்லுவின் பேஸ் மட்டும், இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவள் மாதிரி, நான்கு சுரம் நடக்கும். பிறகுதான் மற்றவர்கள் வருவார்கள். அந்த நான்கு சுரத்துக்காக அவள் வாரம் முழுவதும் காத்திருப்பாள்.

ஈரச் சுவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஊரே அறிந்த ஒரு பெரிய பேண்ட், திறந்தவெளி மைதானத்தில் வாசிக்கிறது. அதற்கு முன்னால் அரைமணி நேரம் இவர்கள் வாசிக்கலாம். சேதி தெரிந்த அன்றே பல்லக்கா டிக்கெட் வாங்கிவிட்டாள்.

கச்சேரிக்கு முந்தின வியாழக்கிழமை மதியம் சில்லு லேபுக்கு வந்தாள். பல்லக்கா ஒரு கீழ்த்தாடைக்குப் பல் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பல்லு ஆடுதா?"

"இல்லக்கா. பல்லு நல்லாருக்கு."

"அப்ப உக்காரு. அந்த ஸ்டூல் வேணாம், மாவு ஒட்டியிருக்கு."

சில்லு உட்காரவில்லை. மேசையில் இருந்த மெழுகுக் கத்தியை எடுத்தாள், வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"இப்படி ஆரம்பிச்சா தப்பாத்தான் எடுத்துக்கணும் போல. சொல்லு."

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாதுக்கா. சத்தியமா. ஆனா பாடறவ ரொம்பப் பயந்துட்டா. ராத்திரியெல்லாம் தூங்கலையாம். வாத்தியாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. இந்த ஒரு ஷோ மட்டும்..." அவள் குரல் தேய்ந்தது. "நீங்க வராம இருந்தா..."

லேபில் வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்த தேய்ப்பு இயந்திரம் அந்த நேரம் பார்த்து நின்றது.

பல்லக்கா கையில் இருந்த பல்லை மெழுகில் பொருத்தி, விரலால் அழுத்தினாள். "இவ்வளவுதானா? எனக்கும் அன்னைக்கு வேலை இருக்கு. நீங்க நல்லா வாசிச்சுட்டு வாங்க."

"அக்கா, கோவமா?"

"போம்மா. மைதானத்துல காத்து அடிக்கும், மைக் ஸ்டாண்டுக்குக் கீழ மணல் மூட்டை வைக்கச் சொல்லு. இன்னொரு பல்லு செய்ய எனக்கு நேரமில்ல."

சில்லு சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்பில் பல்லக்காவின் வேலைப்பாடு அழகாகத் தெரிந்தது. அவள் போனபிறகு பார்த்தால், வலது கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் இடது கோரைப்பல் உட்கார்ந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை. பிடுங்கிவிட்டு மெழுகை மறுபடி உருக்கினாள்.

வீட்டில் அவள் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை குளிர்பெட்டியைக் காலி செய்து கழுவினாள். சனிக்கிழமை அலமாரிகளைக் கவிழ்த்தாள். ஞாயிறு மதியம் ஃபேன் இறக்கைகளைத் துடைக்க நாற்காலி மேல் ஏறியபோது கணவர் கீழே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இன்னைக்கு மைதானத்துல ஏதோ சொன்னியே."

"போகலைங்க."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன." அவள் இறக்கையைத் துடைத்துக்கொண்டே மொத்தத்தையும் சொன்னாள். முகம் ஃபேன் பக்கம் இருந்ததால் சொல்ல எளிதாக இருந்தது.

அவர் கேட்டு முடித்தார். "நீ போனா ஆகாதுன்னு சொல்ல அவங்க யாரு? டிக்கெட் நீ வாங்கினது. நேரா போ."

"போலாம்தான். ஆனா அந்தப் பாடற பொண்ணு மேடையில நின்னு என்னைத் தேடிக்கிட்டே இருக்கும். பாட்டு கெட்டுப்போகும். அப்புறம் அவங்க சொன்னது நெஜமாயிடும்ல?"

அவள் கீழே இறங்கி, துணியைப் பிழிந்தாள். பிழிந்தபடியே கேட்டாள்:

"ஏங்க, நீங்க போயிட்டு வர்றீங்களா?"

"நானா? எனக்குப் பாட்டுக்கும் பம்புசெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதே!"

"தெரிய வேண்டாம். பாத்தத வந்து சொல்லுங்க, போதும்."

அவர் நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு தான் இஸ்திரி போட்டு வைத்த சட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார். அவளுடைய காதடைப்பான் அவர் காதுக்குச் சேரவில்லை. பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டு, பல் பிடுங்கப் போகிறவர் போன்ற முகத்தோடு படியிறங்கினார்.

அவள் சமைத்தாள். ஐந்தரைக்கு அவர்கள் மேடையேறியிருப்பார்கள். பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. மனம் அதற்குத் தாளம் போட்டது. தன்னையே அதட்டிக்கொண்டு வெங்காயத்தை நறுக்கினாள்.

இருட்டுவதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

"என்னங்க, பெரிய பேண்டக் கேக்கலையா?"

"நீ அவங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கலையேன்னு வந்துட்டேன்." காதிலிருந்து பஞ்சை எடுத்தார். தண்ணீர் குடித்தார். "சத்தமா இருந்துச்சு."

"அது தெரியும். அப்புறம்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். குளத்தில் ஏதாவது நடந்து மேலதிகாரியிடம் சொல்லும்போது அப்படித்தான் மூடிக்கொள்வார்.

"பாடற பொண்ணு மேடைக்கு வந்ததும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டா. முதல் தடவை ஆழத்துல குதிக்கற பிள்ளைங்க பிடிக்குமே, அந்த மாதிரி. முதல் பாட்டு பூரா தோளு காதுகிட்டயே இருந்துச்சு. ஜனம் அங்கங்க பேசிக்கிட்டு, சாப்பிட்டுக்கிட்டு. ரெண்டாவது பாட்டும் அப்படித்தான். மூணாவதுல எல்லாரும் திடீர்னு நிறுத்திட்டாங்க. கரண்ட்டு போயிடுச்சுன்னு நினைச்சேன். பாத்தா உன் சில்லுப் பொண்ணு மட்டும் தடவித் தடவி என்னமோ வாசிக்குது."

"ஆமா." அவள் கரண்டியை வைத்துவிட்டாள். "ஜனம்?"

"எனக்குப் பக்கத்துல ஒருத்தன் சோளப்பொரி தின்னுக்கிட்டு இருந்தான். கை வாய்கிட்ட போனது அப்படியே நின்னுடுச்சு. அங்க இருந்தவங்க அத்தனை பேரும் அப்படித்தான். குளத்துல கூட்டமா இருக்கறப்ப எப்பவாச்சும் அப்படி ஒரு அமைதி வரும். நான் எழுந்து நின்னுடுவேன், யாரோ முழுகிட்டாங்கன்னு. இது அப்படி இல்ல. அப்புறம் எல்லாரும் சேந்து வாசிச்சாங்க, அந்தப் பொண்ணு தோளு இறங்கிடுச்சு, மூச்சு விட்டுடுச்சு. அதுக்கப்புறம் கவலையில்ல, நீந்திட்டாங்க."

பல்லக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் எப்போதோ நறுக்கி முடித்தாயிற்று. அவள் இத்தனை வருடத்தில் எந்தக் கச்சேரியையும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

"ஒண்ணு மட்டும்" என்றார் அவர். "அந்த வாத்தியாரும் பாடற பொண்ணும் கடைசி வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்ல. தண்ணியில ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துல இருந்தா, தன்னால ஒருத்தர் இன்னொருத்தரைப் பாத்துக்குவாங்க. பாக்கலைன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

அவள் அடுப்பை அணைத்தாள். அதைப் பற்றி அதற்குமேல் இருவரும் பேசவில்லை. வெளியிலும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது ஈரச் சுவர் கலைந்தது. பாட்டு யாருடையது என்று வாத்தியாருக்கும் பாடகிக்கும் நாள்பட்ட தகராறாம். மைதானக் கச்சேரிக்கு முன்பே பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்ததாம். சில்லு நனைந்த குடையோடு லேப் வாசலில் நின்று இதைச் சொன்னாள்.

"நீங்க வரவே இல்லையேக்கா! டி-ஷர்ட்டும் வாங்கலை. அப்பவும் உடைஞ்சுபோச்சு." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு விக்கல் எடுத்தது. "நான் வந்து உங்ககிட்ட அப்படிக் கேட்டேனே. என்னைச் செருப்பால அடிங்க."

"மழையில செருப்பு ஊறியிருக்கு, வலிக்காது. உள்ள வா."

இந்தத் தடவை சில்லு மாவு ஒட்டிய ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். பல்லக்கா தண்ணீர் கொடுத்தாள்.

"வருத்தமா இருந்துச்சும்மா" என்றாள், சுற்றி வளைக்காமல். "ரொம்ப. இல்லைன்னு சொன்னா பொய். ரெண்டு வாரம் கூடத்துப் பக்கமே போகலை. ஒருவேளை நெஜமோன்னுகூட ஒரு நாள் நினைச்சேன்."

"அக்கா..."

"அப்புறம் கணக்குப் பண்ணிப் பாத்தேன். நான் பாக்காத பேண்டெல்லாம் என்ன, நூறு வருஷமா வாழுது? நாலு பேரு நாலு திசையில வாழறவங்க, வாரம் ஒரு நாள் ஒரே இடத்துல ஒரே பாட்டுல நிக்கறதே பெரிசு. நிக்கறப்பவே கேட்டுடணும். அதுக்குத்தான் ஓடி ஓடி வர்றேன்."

சில்லு தண்ணீரைக் குடித்து முடித்தாள். விக்கல் நின்றது. பிறகு, "ஞாயித்துக்கிழமை கூடத்துல யாரோ புதுசா வர்றாங்களாம்" என்றாள். "போறீங்களா?"

"நீயும் வர்றியா?"

"நான் கீழ நின்னு பாத்து எத்தனையோ வருஷமாச்சுக்கா."

அந்த ஞாயிறு இருவரும் போனார்கள். சவுண்டு அண்ணன் வயர்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, என்ன சொல்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துவிட்டு, விற்காத நாற்காலி ஒன்றின் உறையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். "எனக்கு நின்னாத்தான் காது கேக்கும்" என்று அவள் அதில் தன் பையை வைத்தாள். மேடையில் மூன்று பேர். தபால் அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்ப்பவர்களாம், ஐம்பதை நெருங்குகிறவர்கள். பாடகருக்கு இரண்டாவது பாட்டின் வரிகள் மறந்துபோயின. "மன்னிச்சுக்கங்க, முதல்லேர்ந்து வர்றேன்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து வந்தார். சில்லுவுக்கு அவர்களை அறவே பிடிக்கவில்லை. பல்லக்காவுக்கு டிரம்ஸ்காரரின் இடது கை பிடித்திருந்தது. திரும்பும் வழியெல்லாம் இருவரும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை வந்தார்கள்.

வீட்டில் கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் கேட்காததை அன்று கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"மோசம்" என்றாள் முகமெல்லாம் மலர. "வரியெல்லாம் மறந்துட்டாரு. ஆனா அந்த டிரம்ஸ்காரர் இருக்காரே..."

"இரு, இரு" என்று அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எத்தனை பேரு, யாரு எங்க நின்னாங்க? அங்கேருந்து சொல்லு."